வரும் கூட்டத்தொடரில் முதல் கோரிக்கை கடைமடைக் கண்மாயாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றக் கூட்டத்தொடர் நெருங்குவதை முன்னிட்டு, எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சென்ற வாரம் மேலூரில் ஒரு திருமண மண்டபத்தில் மக்களைச் சந்தித்து, அவையில் எவற்றை முன்னிறுத்திப் பேச வேண்டும் என்று கேட்டறிந்தார். கேட்க வேண்டும் என்று தோன்றியதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நானும் போயிருந்தேன். ஆளுக்கொரு தாள் கொடுத்து, கோரிக்கையைச் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார்கள். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அந்த நான்கு வரியில் அடங்காததை உங்கள் நாளிதழ் வழியாக அவருக்கும், பக்கத்துத் தொகுதி உறுப்பினர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

அன்று வந்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை பயணிகள் நிழற்குடை, சமுதாயக்கூடம், உயர்கோபுர மின்விளக்கு, ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம் என்றே இருந்தன. இவை தேவையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். மழையில் நனைந்தபடி பேருந்துக்கு நிற்கிறவர்களுக்குத்தான் நிழற்குடையின் அருமை தெரியும். ஆனால் இவற்றை உறுப்பினர் தமது தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தே செய்து கொடுக்க முடியும். சென்னைக்குப் போய், அவையில் எழுந்து நின்று, அமைச்சரின் வாயிலிருந்து பதில் வாங்கி, தேவையானால் சட்டத்தையே திருத்தித் தீர்க்க வேண்டிய காரியம் ஒன்று எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாகக் கிடக்கிறது. அது பெரியாற்றுத் தண்ணீர், கால்வாயின் கடைசியில் இருக்கிற கடைமடைக் கண்மாய்களுக்கு (ஏரிகளுக்கு) வந்து சேராத காரியம்.

தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) இந்தச் சீமை பட்ட பாட்டுக்குப் பிறகுதான் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் திட்டம் வேகம் பிடித்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு ஒப்பந்தம் ஆயிற்று. பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய முல்லைப் பெரியாற்று அணை வேலை 1895-இல் முடிந்தது. மேலூர் வட்டாரத்தில் இன்றைக்கும் அவர் படத்துக்கு மாலை போடுகிற வீடுகள் உண்டு. 1959-இல் வைகை அணை வந்தது. மலையைக் குடைந்து வருகிற பெரியாற்று நீரும் வைகை நீரும் அங்கே தேங்கி, பேரணை என்னும் தடுப்பணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாகக் கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கும் பாய்கின்றன.

இந்தக் கணக்கைச் சென்னையில் இருப்பவர்களுக்காகவே இங்கே எழுதுகிறேன். இருபோகப் பரப்பு 45,041 ஏக்கர். ஒருபோகப் பரப்பு 1,05,002 ஏக்கர்; அதில் திருமங்கலம் பிரதானக் கால்வாயின் கீழ் 19,439 ஏக்கர் போக, மீதி 85,563 ஏக்கரும் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்தது. ஒருபோகத்துக்கு அரசு வழக்கமாக வெளியிடும் ஆணையில், வினாடிக்கு 1,130 கன அடி வீதம், 45 நாள் முழுமையாகவும் 75 நாள் முறை வைத்தும் (சில நாள் திறந்து, சில நாள் அடைத்து), ஆக 120 நாளுக்கு 8,461 மில்லியன் கன அடி நீர் திறக்கப்படும் என்று இருக்கும். நீர் இருப்பையும் வரத்தையும் பொறுத்து என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கும். அதில் எங்களுக்குக் குறை இல்லை, மழை இல்லாத வருடத்தில் அணையை யாரும் நிரப்பிவிட முடியாது. அணை நிறைந்து, ஆணையும் வந்து, பிரதானக் கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிற வருடத்திலும் கடைசிக் கண்மாய் பாதி கூட நிறையாமல் போகிறதே, அதைத்தான் அவையில் கேட்கச் சொல்கிறேன்.

கடந்த போகத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எனக்கு இரண்டு ஏக்கர் முப்பது செண்டு நஞ்சை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள ஒரு சின்னக் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், இருக்கிறது. கண்மாய் பாதி பெருகியதும், மிச்சம் முறைத் தண்ணீரில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கார்த்திகை பிறந்து நடவு போட்டோம். தையில் பயிர் பால் பிடிக்கிற நேரம். இரண்டு முறை எங்கள் பக்கம் தண்ணீர் வராமலே கழிந்துவிட்டது. மூன்றாவது முறையின் கடைசி இரவு, நானும் என் தம்பி மகனும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரத்துக் கால்வாய் நெடுகிலும் மேலே ஏறி நடந்தோம். பிரிவு வாய்க்காலில் மதகின் திருகு கம்பி காணாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரு பலகையும் வைக்கோல் பிரியும் மண் மூட்டையும்தான் அங்கே ஷட்டர். அதைத் தாண்டி, தார்ச்சாலைக்கு அடியில் கால்வாய் நுழைகிற இடத்தில் இரண்டு சிமெண்டுக் குழாய் பதித்திருக்கிறார்கள். ஒன்று வாய் வரைக்கும் வண்டல் அடைத்துக் கிடந்தது. மற்றொன்றுக்குள் சீமைக் கருவேல வேரும், அதில் சிக்கிய கிழிந்த உரச் சாக்கும், பிளாஸ்டிக் குப்பையும் சேர்ந்து தக்கை போல இறுகியிருந்தன. தம்பி மகன் இடுப்பளவு சேற்றில் இறங்கி அரிவாளால் வேரை அறுத்து அறுத்து இழுத்தான். அதிகாலை மூன்று மணி சுமாருக்குத் தண்ணீர் குழாயின் இந்தப் பக்கம் வந்தது, கணுக்கால் அளவு. காலை ஆறு மணிக்கு எங்கள் முறை முடிந்து மேலே அடைத்துவிட்டார்கள். அந்த மூன்று மணி நேரத் தண்ணீர் கண்மாய் உள்வாயின் வெடிப்புக்குள் போனதோடு சரி, மடையை எட்டவில்லை. ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுத்த வயலில் அந்த முறை பதினொரு மூட்டை எடுத்தேன், பாதி கருக்காய் (பதர்).

அறுப்பு முடிந்ததும் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போனேன். நீர்வளத் துறையின் ஓர் அலுவலகத்தில், கண்மாய் ஒன்றியத்தைச் சேர்ந்தது, அங்கே போங்கள் என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில், கண்மாய்தான் எங்களுடையது, பிரிவு வாய்க்கால் நீர்வளத் துறையுடையது, குழாய் பாலம் சாலைக்காரர்களுடையது என்றார்கள். கால்வாயின் அகலத்தை அளந்து காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அது வருவாய்த் துறை நில அளவையர் செய்ய வேண்டியது என்றார்கள். யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை; ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் கோப்பின்படி சரிதான். ஆனால் ஒரே தண்ணீர், ஒன்றரை மைல் தூரத்துக்குள், நான்கு கைகளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஒன்றியத்துக்கு என்று காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்துவிடலாம். பெரிய கண்மாய் மறுகால் பாய்ந்து, அதாவது நிறைந்து வழிந்துதான் சின்னக் கண்மாய் நிறைய வேண்டும் என்று முன்னோர் வெட்டி வைத்த சங்கிலி அந்தக் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை.

இங்கேதான் சட்டமன்ற உறுப்பினரின் வேலை வருகிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் நம் சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றியது. கண்மாயை அளந்து எல்லை குறித்து, அறிவிப்புக் கொடுத்து, ஆக்கிரமிப்பை அகற்றும் நடைமுறையை அது தெளிவாக வகுத்திருக்கிறது. ஆனால் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கென்றே அது இயற்றப்பட்டது. அந்தப் பொறுப்பு 2021-இல் நீர்வளத் துறை என்று தனித் துறையாகப் பிரிந்தது. ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள சின்னக் கண்மாய்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் கிராமங்களில் அதிகம் இருப்பவை இந்தச் சின்னக் கண்மாய்களும் ஊருணிகளும்தான். ஆகவே என் முதல் கோரிக்கை இதுவே: ஊராட்சி ஒன்றியக் கண்மாய்களையும், எல்லாக் கண்மாய்களின் வரத்துக் கால்வாய்களையும் மறுகால் ஓடைகளையும் வெளிப்படையாகச் சேர்த்து, அந்த 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எங்கள் உறுப்பினர் அவையில் வலியுறுத்த வேண்டும். அரசு முன்வராவிட்டால் தனி உறுப்பினர் மசோதாவாகவே கொண்டுவரும் உரிமை அவருக்கு உண்டு. அது நிறைவேறுகிறதோ இல்லையோ, அவைக் குறிப்பில் ஏறினால் ஒரு பதில் வந்தாக வேண்டும்.

ஆக்கிரமிப்பு என்றதும் ஏதோ பெரும்புள்ளிகள் வளைத்துப்போட்டார்கள் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். எங்கள் கால்வாயில் வருடத்துக்கு ஒரு சாண் வரப்பைத் தள்ளி வைத்தவர்களில் என் பங்காளியும் ஒருவர். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வண்டி போகும் அகலம் காட்டுகிற கால்வாய், தரையில் ஓர் ஆள் தாண்டும் அகலமாக இருக்கிறது. இதை நான் நேரில் கேட்டால் நாளை ஒரு நல்லது கெட்டதற்கு அவர் வீட்டுப் படி ஏற முடியாது. கேட்டவர்கள் சிலர் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைந்ததையும் கண்டிருக்கிறேன். எல்லார் நிலத்தையும் ஒரே நாளில், ஒரே சங்கிலியால் அளந்து கல் ஊன்றினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. அதற்குச் சட்டமும், அளக்க ஆளும் வேண்டும். நில அளவையர் பணியிடங்கள் நிரப்பப்படாவிட்டால் எந்தத் திருத்தமும் ஏட்டிலேயே நிற்கும் என்பதையும் உறுப்பினர் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கேள்வி நேரம். பெரியாறு ஒருபோக ஆயக்கட்டில் எத்தனை பிரிவு வாய்க்கால் மதகுகள் திருகு கம்பியும் பலகையும் உள்ளபடி இயங்குகின்றன, எத்தனை இயங்கவில்லை, கடந்த ஐந்து போகங்களில் கடைசிக் கண்மாய்களில் எத்தனை நிறைந்தன என்று எண்ணிக்கையாகக் கேட்கட்டும். பொதுவாகக் கேட்டால், ஆவன செய்யப்பட்டு வருகிறது என்று பொதுவான பதில்தான் வரும். எண்ணிக்கை கேட்டால் அதை எண்ணுவதற்காகவாவது யாரேனும் ஒருவர் கால்வாய்க் கரையில் நடந்தாக வேண்டும். நீர்வளத் துறை மானியக் கோரிக்கை வருகிற நாளில், கிடைக்கிற சில நிமிடப் பேச்சில் பாதியையாவது இதற்கு ஒதுக்கினால் போதும். தலைவர்களைப் போற்றும் முன்னுரையில் நேரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

குடிமராமத்து, அதாவது விவசாயிகளும் பங்கெடுத்து நீர்நிலைகளைச் சீர்செய்யும் வேலை பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் அரசு அதை மறுபடி தொடங்கியபோது நாங்கள் மனம் நிறைந்து வரவேற்றோம். விவசாயிகளின் பங்காகப் பத்தில் ஒரு பகுதி, பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ கொடுக்கலாம் என்றார்கள். சில ஊர்களில் நன்றாகவே நடந்தது. ஆனால் பல இடங்களில் கரையை மேடாக்கி, கருவேலத்தைப் பிடுங்கி, மடையைக் கட்டி வண்ணம் பூசியதோடு வேலை முடிந்தது. தண்ணீர் வரும் கால்வாயை விட்டுவிட்டார்கள். அழகான மடையும் காய்ந்த உள்வாயுமாக நிற்கும் கண்மாய்களை மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி போகிற வழியில் யாரும் பார்க்கலாம். எங்கள் தாத்தா காலத்துக் குடிமராமத்து வேறு மாதிரி. தண்ணீர் திறப்பதற்கு முன்பாக ஊர்க்கூட்டம் போட்டு, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கால்வாய் வெட்டப் போக வேண்டும். வராத வீட்டுக்குத் தண்டம் உண்டு. கண்மாய்க்கு முன்னால் கால்வாய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இனி ஒதுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் வரத்துக் கால்வாயின் தலைப்பிலிருந்து தொடங்கிக் கண்மாயில் முடிய வேண்டும், கண்மாயில் தொடங்கி அங்கேயே முடியக் கூடாது என்று கேட்க வேண்டும். நீர் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் நடத்தி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க 2000-ஆவது ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அந்தச் சங்கங்களின் கையில் பராமரிப்புக்கென்று ஒரு சிறு தொகை நேரடியாக வந்தால், குழாயில் அடைத்த சாக்கை எடுக்க நள்ளிரவில் யாரும் சேற்றில் இறங்க வேண்டியிருக்காது.

சட்டமன்றத்தில் பேசி என்ன ஆகப் போகிறது என்று அன்று மண்டபத்திலேயே சிலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. அரிட்டாபட்டியைச் சுற்றிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை எண்ணிப் பாருங்கள். 193 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள இடத்தை 2022-இல் அரசே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்திருந்தும், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரை 2024 நவம்பரில் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிராமசபை கூடித் தீர்மானம் போட்டோம். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை சனம் நடந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நடந்தேன், என் மனைவியும் மருமகளும் நடந்தார்கள். அந்த மாதம் 23 ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையையும் சுனையையும் கண்மாயையும் காக்க அவையும் ஊரும் ஒரே குரலில் பேசினால் நடக்கும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. அன்று காத்த கண்மாய்களில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கேட்பது அதன் தொடர்ச்சிதான்.

பக்கத்துத் தொகுதிகளின் குறையும் இதனோடு பின்னியது. உசிலம்பட்டிப் பகுதி மக்கள் போராடிப் பெற்ற 58 கிராமக் கால்வாய், வைகை அணையில் நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் தண்ணீர் காண்கிறது. அணையின் முழு மட்டமே 71 அடி. அதில் தண்ணீர் திறக்க அவர்கள் நிரந்தர அரசாணை கேட்கும்போது எங்கள் உறுப்பினர் உடன் நிற்க வேண்டும். மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் தண்ணீரில் பகை மூட்டிப் பேசுகிறவர்களுக்கு இடம் கொடுத்துவிடக் கூடாது. பெரியாற்று அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் காப்பதில் மதுரை மாவட்டத்தின் பத்து உறுப்பினர்களுக்கும் கட்சி வேறுபாடு இருக்கக் கூடாது.

நெல் கொள்முதல் நிலையங்களைத் தாமதமாகத் திறப்பது பற்றியும் பேச வேண்டியது உண்டு. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் திருப்பி அனுப்புகிறார்கள். குவித்த நெல்லைக் காய வைக்கக் களம் இல்லாமல் சாலையில் கொட்டுகிறோம். தண்ணீர் திறக்கும் தேதி தள்ளிப் போனால் அறுவடைத் தேதியும் தள்ளிப் போகும் என்பதைக் கணக்கில் கொண்டு நிலையங்களைத் திறந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்கு அவை வரை போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரிடம் உறுப்பினர் ஒரு வார்த்தை சொன்னாலே நடக்கும்.

கடைசியாக ஒன்று. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர், 234 உறுப்பினர்களும் தத்தம் தொகுதியின் நெடுநாளாகத் தீராத பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தார். அப்படி எழுதிய பட்டியல்களில் எவை நிறைவேறின, எவை நிலுவையில் உள்ளன என்பதை ஒவ்வொரு தொகுதியிலும் மக்கள் பார்க்கும்படி ஒட்டி வைத்தால் நன்றாக இருக்கும். அவையில் அமைச்சர்கள் தருகிற வாக்குறுதிகளைப் பின்தொடர உறுதிமொழிக் குழு என்றே ஒரு குழு இருக்கிறது. கூட்டத்தொடர் முடிந்து திரும்பும்போது, கடைமடைக் கண்மாய் பற்றி இந்த நாளில் இந்தக் கேள்வி கேட்டேன், இந்தப் பதில் வந்தது, அது உறுதிமொழிக் குழுவின் பார்வையில் இருக்கிறது என்று எங்கள் உறுப்பினர் அதே மண்டபத்தில் வந்து சொல்ல வேண்டும். ஆட்கள் வருவதற்கு நான் பொறுப்பேற்கிறேன். ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்து வருகிறேன்.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முன்பாக ஒரு காலை அவர் எங்கள் பக்கம் வந்தால் போதும். பிரிவு வாய்க்கால் மதகிலிருந்து கண்மாய் உள்வாய் வரை நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. புலப்பட நகல், சர்வே எண்கள், ஆயக்கட்டுதாரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையொப்பம், அந்தக் குழாயின் புகைப்படம் எல்லாம் தயாராக எடுத்து வைத்திருக்கிறோம். என் பங்காளியும் கையொப்பம் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்துக் கடைமடை விவசாயி ஒருவர்,
மதுரை மாவட்டம்.